வலது கழுத்தில் ஒரு வெளிச்சம்

ஊசி போட்ட பிறகு பேசக் கூடாது. எங்கள் ஸ்கேன் கூடத்தின் முதல் சட்டம் அதுதான். சர்க்கரையோடு ஒரு துளிக் கதிரைக் கட்டி நரம்பில் ஏற்றி விடுகிறோம். அது உடம்பெல்லாம் சுற்றி, எந்த இடம் பசியோடு இருக்கிறதோ அங்கே போய்த் தங்கும். புற்றுக்கு எப்போதும் பசி. உழைக்கிற தசைக்கும் பசிதான். வெற்றிலை மென்றால் தாடை எரியும். குளிரில் நடுங்கினால் கழுத்தோரம் எரியும். பேசினால் தொண்டை எரியும். எரியும் என்றால் சூடு ஒன்றும் இல்லை, திரையில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும் என்பதை நாங்கள் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் போர்வை போர்த்தி, விளக்கை மங்கலாக்கி, ஈயத் தகடு பதித்த சுவர்களுக்கு நடுவே ஆளைத் தனியே சாய்த்து வைத்து, ஒரு மணி நேரம் போலச் சும்மா இருக்கச் சொல்கிறோம்.

சும்மா இருப்பது. இந்த ஊரில் அதைவிடக் கடுமையான வைத்தியம் இல்லை. நெல்லை வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர், பக்கத்தில் நிற்கிறவருடைய மருமகள் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளாமல் ஏறமாட்டார்.

அந்த ஊசியைப் போடுகிறவன் நான். பல ஊர்களில் பல கூடங்களில் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிட்டு, ஓரிடத்தில் காலூன்றாத என் குணத்தோடு, ஆறு ஓடுகிற ஊர்தான் எனக்குச் சரி என்று திரும்பி வந்தவன். நான் இந்த வேலைக்கு வந்த நாளில் இத்தகைய படத்துக்காக நம் ஆட்கள் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போவார்கள். இன்று புறவழிச்சாலையில், டயர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவில் இயந்திரம் இருக்கிறது. கட்டியைக் காட்டிக்கொடுக்கிற அதே மருந்தைக் கொஞ்சம் மாற்றி, கட்டியைச் சுடவும் அனுப்புகிற காலம் வந்துவிட்டது. ஒற்றனே படைவீரனாகப் போகிறான். நினைத்தால் எனக்கு இன்னும் மேல் சிலிர்க்கிறது.

மருந்து மட்டும் எங்கள் ஊரில் பிறப்பதில்லை. வடக்கே ஓர் ஊரில் விடியுமுன் அதைச் செய்து, ஈயக் குடுவையில் அடைத்து, காரில் ஏற்றுவார்கள். ஏற்றிய கணத்திலிருந்தே அது மங்கிக்கொண்டிருக்கும். ஊருக்குச் சற்று முன்னால் கங்கைகொண்டானைத் தாண்டும்போது புறப்பட்டபோது இருந்த வீரியம் அதனிடம் இருக்காது. நான்குவழிச் சாலையில் ஒரு வெளிச்சம் அணைந்துகொண்டே எங்களை நோக்கி ஓடி வருகிறது. அதை எங்களிடம் இறக்கிவிட்டு அதே கார் நாகர்கோவிலுக்குப் போகும். ஒரு கார், ஒரே அவசரம். அதனால் தெற்கு மாவட்டங்களில் இந்த வேலை பார்க்கிற எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவோம். மொத்தப் பேரையும் ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.

ஏற்றவும் செய்கிறோம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஓர் ஊரில் கூடுவோம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் தொடங்கி வைத்தார்கள் என்று தெரியாது. சரியாகச் சொன்ன படத்தை அங்கே யாரும் காட்டக் கூடாது. தவறாகப் படித்ததை, அல்லது தவறவிட இருந்ததை மட்டும் கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறவர் தன் ஊர் இனிப்பையும் கொண்டுவர வேண்டும். தூத்துக்குடிக்காரர் மக்ரூனை மேசையில் வைத்துவிட்டு, நோயாளியின் பெயரை மறைத்துப் படத்தைப் போட்டார் ஒருமுறை. தசையெல்லாம் தீபாவளி. கட்டி இருந்த இடம் மட்டும் மங்கல். சாப்பிடாமல் வரச் சொல்லியும் என்ன தின்றார் இந்த ஆள் என்று எல்லோரும் கத்தினார்கள். “சீனியே தொடல சார், உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பிதான் குடிச்சேன்னு சொல்லுதாரு. நான் அதக் கேக்காம விட்டுட்டேன்,” என்றார் தூத்துக்குடிக்காரர். சிரித்தோம். அன்றிலிருந்து எங்கள் எல்லாக் கூடங்களிலும் ‘கருப்பட்டியும் கூடாது’ என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. உலகத்தில் வேறெந்த ஊரிலும் இப்படி ஓர் அறிவிப்பு இருக்காது.

எங்கள் டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். பாபநாசம் பக்கம், ஆற்றோரத்து வீட்டுப் பெண். வேகமாக நடப்பார், மெதுவாக எழுதுவார். அவர் மெதுவாக எழுதுவதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் பாடகர் குழுவில் இளவயதிலிருந்து பேஸ் பாடியவர். நாலு குரல்களில் எல்லாவற்றுக்கும் அடியில் நிற்கிற குரல் அது. நெஞ்சுக்கூட்டில் நிணநீர்க் கட்டி. மருந்தேற்றி முடித்து, கட்டி போய்விட்டதா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். போயிருந்தால் வீட்டுக்குப் போகலாம். ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் தூரத்து நகரம் ஒன்றில் மாதக்கணக்கில் தங்கி, எலும்பு மஜ்ஜை வரைக்கும் வழித்தெடுக்கிற வைத்தியம். அந்த வயதில் அதைத் தாங்குவாரா என்பதே கேள்வி.

அவருக்காக அவர் மனைவிதான் பேசினார். அவரும் டீச்சர், அதே பாடகர் குழுவில் ஆல்டோ, பெண்களில் தாழ்ந்த குரல்.

“தம்பி, இவுகளப் பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லவே வேண்டாம். நோய் வந்ததுல இருந்து வீட்லயே பேச்சு கிடையாது. தொண்ட கம்மிப் போச்சுல்லா. சைகதான். ஊமப்படம் பாக்குத மாதிரி இருக்கு எனக்கு.”

சார் சிரித்தார், சத்தமில்லாமல். ஊசி போட்டேன். ஈயச் சுவர் அறைக்குள் விட்டேன். வெளியே இருக்கும் கேமராத் திரையில் அவ்வப்போது பார்த்தேன். போர்வைக்குள் அசையாமல் கிடந்தார். உதடு பிரியவே இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான ஆளைப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

படம் வந்தது. நெஞ்சு இருட்டு. நல்ல இருட்டு, நாங்கள் ஆசைப்படுகிற இருட்டு. வயிறு, இடுப்பு எங்கும் ஒன்றும் இல்லை. கழுத்தில் மட்டும், வலது பக்கம், தொண்டைக் குழலை ஒட்டி ஒரு புள்ளி, கார்த்திகைக்கு ஒரே ஒரு அகல் வைத்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது. புதிதாக வந்திருக்கிற மென்பொருள் தானாகவே அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியது.

டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அண்ணே, இவர் பேசினாரா?”

“இல்ல மேடம். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“பேசினாலும் ரெண்டு பக்கமும்லா எரியணும். இது ஒத்தையா எரியுதே.”

எச்சில் விழுங்கியபோது கழுத்து லேசாக அசைந்திருந்தது. அந்தப் புள்ளி குழலுக்கு உள்ளேயா, வெளியே ஒட்டிய சிறு கட்டியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டி என்று எழுதிவிட்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. வட்டம்கூடப் போட்டாயிற்று. வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். டாக்டரம்மா எழுதவில்லை. பெயரை மறைத்துப் படத்தை எங்கள் ஊர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார்.

முதலில் கிண்டல் வந்தது. ‘நெல்லையில கரண்டு கட்டா, ஒத்த பல்பு எரியுது?’ பிறகு ஒருவர் கட்டி என்றார், ஒருவர் தைராய்டு என்றார். அதற்குள் நாகர்கோவில் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். எந்த அறையிலும் முதலில் கேட்கிற குரல் அவருடையது. டாக்டரம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“மக்கா, ஆளோட குரல் எப்படி?”

“கம்மியிருக்கு டாக்டர். சீக்கு வந்ததுல இருந்தே.”

“கட்டி முன்ன எங்க இருந்துது?”

“நெஞ்சுல. இடது பக்கம்.”

“நான் மஸ்கோத் அல்வா வாங்கிட்டு வந்த கேஸ் ஞாபகம் இருக்கா?”

“அதான் டாக்டர் நானும் யோசிக்கேன்.”

எனக்கும் ஞாபகம் இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்த அல்வாவைத் தின்றிருக்கிறோம். அவர் ஓர் அம்மாவின் படத்தில் இப்படி ஒற்றைப் புள்ளியைக் கட்டி என்று எழுதிவிட்டார். கழுத்தில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. முடிவு வரும்வரை அந்த அம்மா தூங்கவே இல்லையாம். அதை அவர் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால், தன் பெருங்குரலைப் பாதியாக்கிக்கொண்டு சொன்னார்.

விஷயம் இதுதான். இடது குரல்நாணுக்குப் போகிற நரம்பு ஒரு விசித்திரமான வழியில் போகும். ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பாபநாசம் சுற்றி வருகிற பஸ் மாதிரி, தலையில் புறப்பட்டு, தொண்டையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, பெரிய ரத்தக்குழாயின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி தொண்டைக்கு ஏறி வரும். நெஞ்சில் கட்டி அழுத்தினால் அந்த நரம்பு செத்துப்போகும். இடது நாண் அசையாமல் நின்றுவிடும். அப்போது குரல் வேண்டுமென்றால் வலது நாண்தான் இரண்டுக்கும் சேர்த்து உழைக்க வேண்டும். உழைப்புக்குச் சர்க்கரை வேண்டும். ஆக, எரிகிற பக்கம் நல்ல பக்கம். நோய் பட்ட பக்கம் இருட்டாக இருக்கும்.

“ஆனா அந்தம்மா உள்ள உக்காந்து போன்ல பேசிட்டே இருந்தாங்க,” என்றார் டாக்டரம்மா. “இவரு வாயே தொறக்கலியே.”

“சும்மா இருந்தா எரியாது மக்கா. போய்க் கேளு.”

ஊசி போட்டவர்கள் பக்கத்தில் நாங்கள் அதிக நேரம் நிற்பதில்லை. அவர்கள் உடம்பிலிருந்தும் கொஞ்ச நேரத்துக்குக் கதிர் வந்துகொண்டிருக்கும். ஆகவே எங்கள் விசாரிப்புகள் எல்லாம் வாசற்படியிலிருந்துதான். டாக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் பின்னால்.

“சார், உள்ள இருக்கையில ஏதும் பேசினியளா?”

இல்லை என்று தலையாட்டினார்.

“இருமினியளா? கனைச்சியளா?”

இல்லை. பிறகு எங்கள் தோளுக்கு மேலே நடையைப் பார்த்தார். “டீச்சர் எங்க?” காற்று அதிகமும் ஓசை குறைவுமாக வந்தது குரல்.

“காப்பி குடிக்கப் போயிருக்காவ.”

“அவகிட்ட சொல்ல வேண்டாம்,” என்றார். “முனங்கினேன்.”

டாக்டரம்மா நடையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“பேஸ் பாகத்த மட்டும். வாய மூடிக்கிட்டுத்தான். பேசக் கூடாதுன்னுதான சொன்னீய. குரல் இப்படி ஆனதுல இருந்து நான் ஒரு சுரம் எடுத்துப் பாக்கல. வீட்ல எடுத்தா அவளுக்குக் கேக்கும். கேட்டா அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆவும். சர்ச்சிலயும் முடியாது. இங்கன ஈயச் சுவருல்லா, கதிரே வெளிய போவாதுன்னு தம்பி சொன்னாரு. அப்ப சத்தமும் போவாதுன்னு நெனச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “வருதான்னு பாத்தேன்.”

“எவ்வளவு நேரம் சார்?”

“நீங்க வந்து எழுப்புத வரைக்கும்.”

நான் கேமராவில் கண்டு மெச்சிய அந்த அசையாமைக்குள், அந்தக் கம்மிப்போன தொண்டைக்குள், ஒற்றை நாண் ஒரு மணி நேரம் இன்னொரு நாணைத் தேடித் தேடிப் போயிருக்கிறது.

இத்தோடு ஒரு நல்ல முடிவை எழுதிக் கொடுத்திருக்கலாம். எல்லாம் பொருந்தி வருகிறது. காரணமும் அழகாக இருக்கிறது. நானாக இருந்தால் எழுதியிருப்பேன். அழகாக இருப்பதை நம்பிவிடுகிற ஆள் நான். டாக்டரம்மா அப்போதும் எழுதவில்லை. சார் விஷயத்தைத் தன் மனைவியிடம் தானே சொல்ல ஒப்புக்கொண்ட பிறகு, இருவரையும் வைத்துக்கொண்டு பேசினார்.

“நெஞ்சுல ஒண்ணும் இல்ல. கழுத்துல ஒரு இடம் எரியுது. அது சார் முனங்கினதால இருக்கும்னு நினைக்கேன். ஆனா நினைக்கது வேற, தெரியது வேற. தொண்ட டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்க. அப்புறம் கழுத்த மட்டும் இன்னொரு தடவ எடுப்போம்.”

டீச்சர் கைப்பையைத் திறந்து மூடினார். “அப்ப இன்னைக்குச் சொல்ல மாட்டியளா?”

“இன்னைக்கு எனக்குத் தெரியாது டீச்சர்.”

எனக்குத் தெரியாது. படித்தவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு நேராக வந்து நான் அதிகம் கேட்டதில்லை. டீச்சர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டாக்டரம்மாவைக் கொஞ்ச நேரம், நேர்மையாக விடை எழுதாமல் விட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, “சரி, வாரோம்,” என்றார்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். இடது நாண் அசையவில்லை. வலது நாண் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் அதைத் தொடப் பார்க்கிறது என்று போனில் சொன்னார். நோய் போய்விட்டது உறுதியானால், அசையாத நாணைக் கொஞ்சம் நடுவே தள்ளி வைக்க வழி இருக்கிறது என்றும் சொன்னார். எல்லாம் அந்த ஒரு ‘உறுதியானால்’ மேல் நின்றது.

இரண்டாம் படத்துக்கு மருந்து வேண்டும். எங்களுக்கு வருகிறது எல்லாம் ஏற்கெனவே ஆட்களுக்குச் சொல்லி வைத்தது. டாக்டரம்மா குழுவில் கேட்ட அன்று சாயங்காலமே நாகர்கோவிலிலிருந்து பதில் வந்தது. அவர்கள் கூடத்துக்கு வர வேண்டிய ஒருவர் காய்ச்சலால் வர முடியவில்லை, அவருடைய குடுவையை வழியிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். காலையில் கார் வந்தது. ஓட்டிவருகிற அண்ணாச்சி கதவைத் திறக்கும்போதே சத்தம் போட்டார்.

“ஏ, இன்னைக்கு உங்களுக்கு ரெண்டு பெட்டிவே! நாகர்கோயில்காரரு வழிநெடுக போன் போட்டு உயிர எடுத்துட்டாரு. இறக்கிட்டியா, இறக்கிட்டியான்னு. நான் என்ன தின்னுட்டாவே போவேன்?”

சார் அன்று பயந்திருந்தார். முதல் முறை வந்தபோது இல்லாத பயம். அறைக்குள் போகுமுன் டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டார், “மனசுக்குள்ள பாடினா எரியுமாம்மா?”

நான் சிரிக்கப் போனேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“எரியலாம் சார். மனசுக்குள்ள பாடும்போது நமக்குத் தெரியாமலே தொண்டயும் கூட அசையும். உங்கள மாதிரி பாடிப் பழகினவங்களுக்கு நிச்சயம் அசையும். இன்னைக்கு அதுவும் வேண்டாம்.”

அவர் தலையசைத்தார். ஒரு மனுஷனிடம் இதைவிடப் பெரிதாக என்ன கேட்டுவிட முடியும் என்று எனக்குத் தோன்றியது. போர்வையை இழுத்துவிட்டு வந்தேன். திரையில் அதே ஆள், அதே அசையாமை. இம்முறை எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. டீச்சர் கூடத்தில் உட்காராமல் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

படம் வந்தது. டாக்டரம்மாவும் நானும் முதலில் கழுத்தைப் பார்த்தோம். வலது பக்கம் இருட்டு. இடது பக்கம் இருட்டு. மென்பொருள் எங்கும் வட்டம் போடவில்லை. டாக்டரம்மா முன்பக்கமும் பின்பக்கமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம்தான் எழுதினார், மெதுவாக. கையெழுத்துப் போட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினார். அங்கிருந்து வந்த குரல் பதிவை நாங்கள் முழுதாகக் கேட்கவில்லை. முதல் கூச்சலுக்கே ஸ்பீக்கர் இரைந்தது.

நடையில் போய்ச் சொன்னார். “நோய் முடிஞ்சிருச்சு டீச்சர். அந்தப் பெரிய வைத்தியம் வேண்டாம். அப்பப்ப வந்து காட்டினாப் போதும். குரலுக்கு என்ன செய்யலாம்னு தொண்ட டாக்டர் சொல்லுவாரு.”

டீச்சர் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் தள்ளிச் சாய்மானத்தில் இருந்த தன் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“எப்படி இருந்திய சும்மா? உண்மையச் சொல்லுங்க.”

“பாடல.”

“மனசுக்குள்ளயும்?”

சார் கொஞ்சம் யோசித்தார். “மத்தவுக பாடினாவ. கேட்டுக்கிட்டு இருந்தேன். சோப்ரானோ, டெனர், எல்லாரும். பேஸ் வருத இடம் வரும்லா, அத மட்டும் காலியா விட்டுட்டேன்.”

நான் ஈயக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா கதவுப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆல்டோவுல நான் இருந்தேனா?” என்றார் டீச்சர்.

“இருந்த. கொஞ்சம் முந்திப் போன.”

“முந்தத்தான் செய்வேன்,” என்று டீச்சர் எழுந்து பையைத் தோளில் மாட்டினார். “கீழ நின்னு பிடிச்சு வைக்க ஆள் இல்லன்னா நான் என்ன செய்ய? வாங்க வீட்டுக்கு. வழியெல்லாம் முனங்கிக்கிட்டே வாங்க. கரகரன்னு இருந்தா இருந்துட்டுப் போவுது.”